பொண்ணுக்கு வாங்குன ஸ்கோலியோசிஸ் பிரேஸ், 4 ஸ்டார்

எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு முதுகெலும்பு வளைவு, எக்ஸ்ரேல காப் கோணம், அதாவது வளைவு எவ்ளோன்னு அளக்குற கோணம், 28 டிகிரி. 10 டிகிரி இருந்தா தான் ஸ்கோலியோசிஸ்னே சொல்வாங்க, 25ல இருந்து 40க்குள்ள இருந்து இன்னும் வளர்ற வயசா இருந்தா பிரேஸ், அதாவது உடம்ப சுத்தி மாட்டுற கவசம், போடணும், அதனால பாஸ்டன் டைப்ல ஒன்னு அளவெடுத்து செஞ்சு வாங்குனோம். கெட்டி பிளாஸ்டிக், வளைவ தள்ற எடத்துல உள்ள பேட், ஸ்ட்ராப் எல்லாம் பின்னாடி தான், தனியா இறுக்க முடியல, நாம தான் இழுத்து மாட்டிவிடணும்.

மொதல்ல அக்குள்கிட்ட ஓரம் உரசி செவந்து போச்சு, எடுத்துட்டுப் போனா சூடு பண்ணி வளைச்சு குடுத்துட்டாங்க, காசு கேக்கல. உள்ள போடுற பனியன்ல ஒரு மடிப்பு கூட விழக்கூடாதுங்க, மடிப்பு இருக்குற எடத்துல தான் புண்ணாகும். வெயில் காலத்துல கஷ்டம் தான், ஒத்துக்கணும்.

இது வளைவ நிமித்தாது, கூடாம நிறுத்துறதுக்கு தான். 2013ல வந்த அமெரிக்க ஆராய்ச்சில பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு 50 டிகிரிய தொடாம வளர்ச்சி முடிஞ்சிது, சும்மா பாத்துட்டு இருந்தவங்கள்ல 48 தான், அதுவும் எவ்ளோ மணி நேரம் போடுறாங்களோ அவ்ளோ பலன். அலமாரில மாட்டி வச்சா வேலைக்காகாது.

எங்க மாமியார் தனக்கும் ஒன்னு கேட்டாங்க, பெரியவங்களுக்கு வலி வேணா கொஞ்சம் கொறையும், வளைவு மாறாது. ஆன்லைன்ல விக்கிற போஸ்சர் பெல்ட் இதுக்கு பதில் கிடையாது, வாங்காதீங்க.

விலைக்கு ஒரு ஸ்டார் கட், புள்ள வளர வளர புதுசு செய்யணும்.