மூன்று உப்பு, ஒரே குழம்பு: தைராய்டு உள்ளவர் வீட்டில் எதை வைப்பது?

போன ஆவணி வரை எங்கள் அடுக்களையில் மூன்று வகை உப்பு இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், ஆச்சி காலத்துப் பீங்கான் ஜாடியில் கல்லுப்பு. மேல் தட்டில் பாக்கெட் தூள் உப்பு. அதன் பக்கத்தில், சென்னையிலிருந்து சித்தி வாங்கிவந்த இளஞ்சிவப்பு இந்துப்பு. அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும் அளவு) 11 என்று வந்து மாத்திரை தொடங்கிய வாரத்தில்தான் அந்த மூன்றாவது உப்பு வீட்டுக்குள் நுழைந்தது. “அயோடின் உப்பை நிறுத்திவிடுங்கள் அக்கா, தைராய்டைக் கிளப்பிவிடுவதே அதுதான்” என்றார் சித்தி. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தை நேர் எதிராகச் சொன்னார்: “அயோடின் குறைந்தால்தான் தைராய்டு வரும். தூள் உப்பைக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.” மதினி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்புதான்.

சித்தி சொன்னதும் சரியில்லை, அத்தை சொன்னதும் சரியில்லை. அதைக் கண்டுகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின.

“தைராய்டு இருக்கிறது” என்று நாம் சொல்லிக்கொள்வதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தான் கழுத்தில் இருக்கிறது. அது குறைவாகச் சுரக்கிறதா, மிகையாகச் சுரக்கிறதா, கட்டி விழுந்திருக்கிறதா, அறுவை செய்து எடுத்தாகிவிட்டதா என்று தெரியாமல் உப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. அம்மாவுக்கு இருப்பது குறை சுரப்பு. பலருக்கும் இதற்குக் காரணம் ஹாஷிமோட்டோ எனப்படும் நோய்; உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கிறது. அயோடின் பற்றாமல் வந்த நோய் அன்று என்பதால், உப்பைக் கூட்டிப் போட்டால் அது குணமாகாது. இந்துப்புக்கு மாறினாலும் குணமாகாது. காலையில் விழுங்கும் மாத்திரை, சுரப்பி தர வேண்டிய தைராக்சினையே நேராகத் தந்துவிடுகிறது. அந்தத் தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. 100 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் அதில் ஏறத்தாழ 65 மைக்ரோகிராம் அயோடின்தான். அயோடின் நாவில் படவே கூடாது என்று உப்பை மாற்றுகிறவர், விடிந்ததும் முதல் வேலையாக அயோடினைத்தான் விழுங்குகிறார்.

இனி ஒவ்வொரு உப்பாகப் பார்ப்போம்.

பாக்கெட் தூள் உப்பில் பொட்டாசியம் அயோடேட் என்ற அயோடின் சேர்மத்தைக் கலக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் ஊரில் அயோடைடு என்ற இன்னொரு அயோடின் சேர்மத்தைவிட இது தாக்குப்பிடிக்கும். கடைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவான 5 கிராம் உப்பை மட்டும் சாப்பிட்டால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் உள்ள உப்பிலிருந்து 75 மைக்ரோகிராம் கிடைக்கும். 30 மில்லிகிராம் உள்ளதிலிருந்து 150 கிடைக்கும். இதில் சமைக்கும்போது கொஞ்சம் போய்விடும். பாலும் முட்டையும் மீனும் மிச்சத்தை ஈடு செய்யும். ஆக, தூள் உப்பு தருவது தேவையை ஒட்டிய அளவே தவிர அளவுக்கு மீறியதன்று. அமெரிக்க நிபுணர்கள் வகுத்த உச்ச வரம்பு நாளொன்றுக்கு 1,100 மைக்ரோகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் உள்ள உப்பு வழியாகவே அதைத் தொட வேண்டுமானால் ஒரு நாளில் 36 கிராமுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். அப்படித் தின்றால் தைராய்டுக்கு முன் ரத்த அழுத்தம் ஆளைச் சாய்த்துவிடும்.

சித்தியின் பேச்சிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அயோடின் மிகையானாலும் கேடுதான். சீனாவில் மூன்று பகுதிகளை ஒப்பிட்டு 2006-ல் வெளியான ஆய்வு, அயோடின் மிகுந்த ஹுவாங்ஹுவா பகுதியில் குறை சுரப்பும் தைராய்டு அழற்சியும் கூடுதல் என்று காட்டியது. ஆனால் அங்கே சிறுநீரில் அயோடினின் நடு அளவு லிட்டருக்கு 651 மைக்ரோகிராம். 100 முதல் 299 வரை இருந்தாலே போதுமானது என்பது கணக்கு. அளவோடு போடும் அயோடின் உப்பின் மேல் அந்தப் பழியைச் சுமத்த முடியாது. கடற்பாசி மாத்திரை, “தைராய்டு டானிக்” என்று விற்கும் அயோடின் சொட்டு மருந்து ஆகியவற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

தூள் உப்பின் மேல் இன்னொரு புகாரும் உண்டு, அதில் சயனைடு கலக்கிறார்கள் என்று. கட்டி தட்டாமல் இருக்கச் சேர்ப்பது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அதிலுள்ள சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. குழம்புக் கொதியில் பிரிந்து வராது. இதற்காக உப்பை மாற்ற வேண்டியதில்லை.

கல்லுப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அம்மாவின் பிறந்த ஊர் ஆறுமுகநேரி. ஊரைச் சுற்றி உப்பளம். சிறு வயதில் விடுமுறைக்குப் போனால், பாத்தியில் உப்பு பூத்து, வெயிலில் கண் கூசும். வாரி ஒதுக்கிக் குவித்த உப்பின் மேல் பனையோலை வேய்ந்திருப்பார்கள். திரும்பி வரும்போது மாமா ஒரு சாக்கு உப்பு கட்டிக் கொடுத்தனுப்புவார். அந்த உப்பின் ருசி எனக்குப் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். “கடலிலிருந்து வருவதில் இல்லாத அயோடினா?” என்று அம்மா கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அயோடின் 60 மைக்ரோகிராம் அளவுக்குத்தான். அத்தனையும் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்தால்கூட ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராம் தேறாது. 5 கிராம் சாப்பிட்டால் 10-ஐத் தொடாது. உப்பு விளைந்தபின் வெளியேற்றும் கசப்புத் தண்ணீரோடு அதிலும் ஒரு பகுதி போய்விடும். கடல் உப்பு என்பதற்காக அதில் அயோடின் இருக்கும் என்று நம்பக் கூடாது.

அயோடின் தெளித்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. ஆனால் தெளித்தது கல்லின் மேற்பரப்பில்தான் நிற்கிறது. நம் வீடுகளில் கல்லுப்பை எப்படிப் புழங்குகிறோம்? மூடாத ஜாடியில் வைக்கிறோம். மழைக்காலத்தில் அது நீர் விடுகிறது. அயோடினும் அந்த நீரோடு அடியில் தங்குகிறது. இன்னும் சிலர், எங்கள் அம்மாவைப் போல, “மண் இருக்கும்” என்று ஒருமுறை அலசிவிட்டுத்தான் போடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய அயோடின் அங்கணத்துக்குப் போகிறது. உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் நம் மாநிலத்தில், 2018-19-ல் நாடு முழுவதும் நடந்த அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது 100-க்கு ஏறத்தாழ 62 வீடுகளில்தான். மாநிலங்களிலேயே கடைசி இடம். அதைப் படித்தபோது எனக்கு மனம் வலித்தது.

எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரச் செவிலியரிடம் உப்பைச் சோதிக்கும் சிறு புட்டி இருந்தது; அயோடின் இருந்தால் அதன் சொட்டு பட்ட இடம் ஊதாவாகும். மதினியைப் பார்க்க வந்த அன்று மூன்று உப்பையும் மூன்று தட்டில் வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு. தூள் உப்பு கண் இமைக்கும் நேரத்தில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. ஜாடியின் மேலாக எடுத்த கல்லுப்பு, பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருந்த அதே கல்லுப்பு, ஓரத்தில் லேசாக வெளிறிய ஊதா காட்டியது, அவ்வளவுதான். இந்துப்பில் சொட்டு விழுந்த தடம் மட்டும் ஈரமாகத் தெரிந்தது. நிறம் வரவேயில்லை. அம்மா தட்டைக் கையில் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

இந்துப்பைத்தான் இன்று “தைராய்டுக்கு நல்லது” என்று கூவி விற்கிறார்கள், தூள் உப்பைப் போலப் பல மடங்கு விலைக்கு. சிந்து நாட்டு உப்பு என்பதே இந்துப்பு. இளஞ்சிவப்பாக வருவது பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியது. அந்த நிறம் இரும்புக் கலப்பால் வருகிறது. எண்பது தாதுக்கள் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தாலும், நாம் போடும் அளவில் அவை மருந்துக்குக்கூடப் போதாது. சித்த மருந்துகளில் அதற்கு இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அன்றாடக் குழம்புக்குப் போடுவது வேறு விஷயம்.

இமயமலையின் பேரால் இதை விற்கிறார்களே, அந்த மலையடிவாரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பனியும் மழையும் மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டதால், காலங்காலமாக முன்கழுத்துக் கழலை நிலவிய நிலம் அது. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியின் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு அயோடைடு கலந்த உப்பு, ஒன்றுக்கு அயோடேட் கலந்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. தொடக்கத்தில் 100-க்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கழலை. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு பகுதிகளிலும் அது பாதியளவுக்கு இறங்கியது. வெறும் உப்புப் பகுதியில் அசையவில்லை. 1962-ல் கழலைத் தடுப்புத் திட்டம் நாட்டில் வந்ததற்கு இந்த ஆய்வு பெரும் துணை. அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் கழுத்தில் சுமந்து காட்டிய பாடத்தை நாம் அட்டைப்பெட்டி விளம்பரத்துக்காக மறப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மற்ற இரண்டு வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோடியம் குறைந்த உப்பில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை எடுப்பவருக்கும் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வாங்கினாலும் அயோடின் கலந்ததா என்று உறையில் பாருங்கள். இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு ரத்தசோகை உள்ள வீட்டுக்கு நல்லது. தமிழ்நாடு அரசின் உப்புக் கழகமும் அதை விற்றிருக்கிறது. இரும்பு தைராக்சினை உடலில் ஏறவிடாது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக இந்த உப்பைத் தள்ள வேண்டியதில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, சாப்பாட்டைத் தள்ளி வைத்துக்கொண்டால் போதும். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை என்றால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அயோடின் இல்லாத உப்பு தேவைப்படுகிறவர்களும் உண்டு. தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன், ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு உண்ணச் சொல்வார்கள். அப்போது அந்த ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல், சிகிச்சை முடிந்ததும் பழைய உப்பு. மிகை சுரப்பு உள்ளவர்களும் கட்டி உள்ளவர்களும் அயோடின் மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மெய். ஆனால் எது மிகை என்று தெரிய வேண்டும். இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் மாத்திரை ஒன்றில், 200 மில்லிகிராம் அளவில், ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. 500 நாள் தேவைக்குச் சமம். ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்தும் அப்படித்தான். தைராய்டு உள்ளவர் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது இவற்றைத்தான்.

இத்தனைக்கும் பிறகு என் முடிவு: அம்மாவுக்கும் மதினிக்கும் சேர்த்துச் சமைக்கும் எங்கள் வீட்டுக்கு அயோடின் கலந்த சாதாரணத் தூள் உப்பு. மூடி இறுகும் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, கொதி அடங்கும் நேரத்தில் போடுவது. அளவைக் கூட்டுவதில்லை. அம்மாவுக்கு உப்பு எதுவானாலும் மாத்திரை வேலை செய்திருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அதன் சுரப்பி முதிரும் வரை தாயின் தைராக்சினை நம்பித்தான் மூளை வளர்கிறது. அந்த நேரத்தில் தாய்க்கு அயோடின் குறைந்தால் பின்னால் ஈடுகட்ட முடியாது. ஒருவர் நோய்க்காக வீட்டின் உப்பை மாற்றும்போது, அதே குழம்பைச் சாப்பிடும் இன்னொருவரைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் சித்தியிடமும் சொன்னேன். சித்தி முதலில் முகம் சுளித்தார். சோதனைத் தட்டைப் பற்றி அம்மாவே எடுத்துச் சொன்னபின் பேசவில்லை.

அம்மா முன்பெல்லாம் மாத்திரையைக் காபியோடு விழுங்குவார். இப்போது ஐந்தரை மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, ஆறரைக்கு மேல் காபி. கால்சியம் இரவில். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 3.4 வந்தது. பீங்கான் ஜாடி அதே இடத்தில் இருக்கிறது. சித்திரையில் மாங்காய் வந்ததும் ஊறுகாய் போடுவதற்கு ஆறுமுகநேரிக் கல்லுப்பு அதில் நிறைய.