ஊர் முகவரியா, கொம்பனி முகவரியா?

காலி வீதியில் எந்தக் கடைப் பலகையைப் பார்த்தாலும் இரண்டு இலக்கங்கள் இருக்கும். 011 என்று தொடங்குவது ஊரைச் சொல்கிறது. 021 என்றால் யாழ்ப்பாணம், 065 என்றால் மட்டக்களப்பு. 077, 071 என்று தொடங்குவது ஊரைப் பற்றி மூச்சே விடாது. இலக்கம் கொடுத்த கொம்பனியைத்தான் காட்டும். இணைய முகவரியிலும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு. ஆள்வது 077 கட்சி.

1993இல் வந்த ஏற்பாடு அது. கொம்பனி ஒரு பெரிய முகவரித் தொகுதியை வாங்கித் தன் வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுக்கும். லண்டனில் இருந்து தரவுக்கு வழிகாட்டும் கருவியான ரௌட்டருக்கு வெள்ளவத்தையில் யார் எந்த மாடியில் இருக்கிறார் என்பது வேண்டாம். அதன் வழிப் பட்டியலில், இந்தத் தொகுதி இந்தக் கொம்பனிக்கு என்ற ஒரு வரி போதும். கொம்பனி மாறினால் முகவரியும் மாறும். வீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சொந்த சேர்வர் வைத்து, இரண்டு கொம்பனிகளிடம் லைன் எடுக்கும் வங்கிக்குத்தான் தலையிடி. அதனால் ஆசிய பசுபிக் வட்டாரத்துக்கு முகவரி பங்கிடும், பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக்கிடம் தனித் தொகுதி வாங்கி, இரண்டு லைனிலும் அறிவித்துவிடுவார்கள். அவர்களுக்கு நிம்மதி, ஆனால் உலகின் முதுகெலும்பு ரௌட்டர்கள் எல்லாவற்றிலும் ஒரு வரி கூடும். 2014 ஆகஸ்ட் 12இல் அந்தப் பட்டியல் 5 இலட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டியபோது, அதற்குமேல் நினைவகம் ஒதுக்காத பழைய ரௌட்டர்கள் சில தடுமாறின.

011 கட்சியின் வாதம் இங்கேதான் இனிக்கிறது. கொழும்பு முழுவதற்கும் ஒரே முன்னொட்டு. கொம்பனி மாறினாலும் முகவரி மாறாது. வெளியுலகுக்குக் கொழும்பு என்றால் ஒரே வரி. (அலுவலகம் கண்டிக்குப் போனால் மாறும், அது வேறு கதை.) 1995இல், புதிய தலைமுறை இணைய முகவரி முறையான ஐபிவி6 திட்டம் இதற்கென்று முழு முகவரி வெளியில் எட்டில் ஒரு பங்கை ஒதுக்கியும் வைத்தது. 1998இல் திருத்தி எழுதியபோது அந்த ஒதுக்கீட்டைக் காணோம்.

என் கணக்கில் முடிச்சு காசில் இருக்கிறது. லண்டனிலிருந்து 'கொழும்பு' என்று மட்டும் எழுதிய பொதி, அதாவது இணையத் தரவுத் துண்டு ஒன்று வருகிறது. கடலடிக் கேபிளுக்குக் காசு கட்டி அதைக் கொண்டுவந்தது ஒரு கொம்பனி. பெறுபவரோ கொட்டாஞ்சேனையில் போட்டிக் கொம்பனியின் வாடிக்கையாளர். யாருடைய பிள்ளையை யார் சுமப்பது? தொலைபேசியில் நிமிடத்தை எண்ணிக் கணக்குத் தீர்த்தார்கள். பொதிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. தவிர, ஊர் முகவரி நடக்க வேண்டுமென்றால் கொம்பனிகள் எல்லாம் கொழும்புக்குள்ளேயே கட்டாயம் ஒன்றோடொன்று இணைய வேண்டும்.

வரைபடத்தில் பக்கம் என்பது கம்பியிலும் பக்கம் ஆகாது. காங்கேசன்துறைக்கு இந்தியக் கரை கூப்பிடு தூரம். கேபிள்கள் கரையேறுவதோ கொழும்பு, கல்கிசை, மாத்தறையில். ஆகவே வீட்டுக்குக் கொம்பனி முகவரி, இரண்டு லைன் அலுவலகத்துக்குத் தனித் தொகுதி என்பேன்.

ஊர் கட்சியைச் சின்னதாகச் சோதித்தும் பார்த்தாயிற்று. அதே 1993இல் முகவரியின் முதல் எண்ணை வைத்து 194, 195 ஐரோப்பாவுக்கு, 202, 203 பசுபிக் வட்டாரத்துக்கு என்று பங்கிட்டார்கள். இலங்கையின் பழைய முகவரிகள் சில 203இல் தொடங்குவது அதனால்தான். லண்டன் ரௌட்டர் அதை வைத்து 203 முழுவதையும் ஒரே வரியாகச் சுருக்க முடியவில்லை. அதற்குள் பல நாட்டுக் கொம்பனிகள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வழி.