வலய எண் போட்ட வெளிநாட்டு விதைப் பைக்கற்றுகள்: கொழும்பில் காசு கொடுத்து வாங்கலாமா?

கொழும்பு சுப்பர்மார்க்கெட்டுகளில் தொங்கும் வெளிநாட்டு விதைப் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வண்ண வரைபடமும் ‘வலயம் 3–9’ என்பது போன்ற எண்ணும் இருக்கும். விதை பெரும்பாலும் நல்லதுதான். அந்த எண்ணை நம்பி வாங்குவதுதான் வீண்செலவு.

அது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கணக்கு. ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவில் வெப்பநிலை சராசரியாக எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் வைத்து 13 வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2023இல் திருத்திய படமும் அப்படித்தான். மழை, ஈரப்பதம், பகல் நீளம், கோடை வெப்பம் எதுவும் அதில் சேராது. அந்தக் கணக்கில் கொழும்பு கடைசி வலயமான 13இல் விழும். இங்கே எந்தச் செடியும் குளிரில் சாவதில்லையே!

ஆகவே பல்லாண்டுச் செடி என்றால் பெரிய எண்ணை (3–9 என்றால் 9ஐ) மட்டும் பாருங்கள். 8, 9 என்று நின்றுவிட்டால் அது பெரும்பாலும் குளிர் கேட்கிற செடி. டியூலிப் கிழங்குக்கு 12 கிழமையாவது குளிர் வேண்டும். பிரிட்ஜில் வைத்து ஒருமுறை பூக்க வைக்கலாம், மறுவருடம் எதிர்பார்க்க வேண்டாம். தக்காளி, போஞ்சி போன்ற ஒருபருவப் பயிருக்கு வலய எண்ணே பொருட்டல்ல.

‘கடைசி உறைபனிக்கு 6 கிழமைக்கு முன் விதைக்கவும்’ என்ற வரியையும் விட்டுவிடலாம். நமக்குக் கணக்கு மழைதான்: சித்திரை–வைகாசியில் ஒன்று, ஐப்பசி–கார்த்திகையில் ஒன்று. தக்காளி நாற்றை டிசம்பர் தொடக்கத்தில் போட்டு, 4 கிழமையில் நட்டால், ஜனவரி, பெப்ரவரியின் குளிர்ந்த இரவுகளில் பூக்கும். சித்திரையில் இரவே பெரும்பாலும் 24 பாகைக்குக் கீழே இறங்காது. பூ நிறைய வரும், காம்போடு உதிரும். உரம் கூட்டினால் இலைதான் பெருகும்.

வெங்காய விதையில் ‘நீள்பகல்’ வகை என்றிருந்தால் தொடவே வேண்டாம். அதற்கு 14 மணி நேரப் பகல் வேண்டும். கொழும்பின் மிக நீண்ட பகலே சுமார் பன்னிரண்டரை மணிதான். கிழங்கு வைக்காது, தாள் மட்டும் கிடைக்கும். சலாது விதை சூட்டில் உறங்கிவிடும். ஈர டிஷ்யூவில் சுற்றி 2 நாள் பிரிட்ஜில் வைத்து, மாலையில் விதைத்து, 50 வீத நிழல்வலை கட்டினால் தேறும்.

பைக்கற் சொல்லாத பெரிய விஷயம் பக்டீரியா வாடல். தக்காளி வகைகளில் ‘வி, எஃப், என்’ என்று நோய் எதிர்ப்புக் குறிகள் இருக்கும். இவை பூஞ்சண வாடலுக்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும்தான். பச்சை இலையோடு செடி திடீரென்று சோர்ந்தால் அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீர்க் கிளாஸில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்நூல் போல வழிந்தால் அதுதான் பக்டீரியா வாடல். மருந்து இல்லை. செடியை மண்ணோடு அகற்றி, அந்தச் சாடியில் கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். சுண்டங்கத்தரியில் ஒட்டிய நாற்று இதைத் தாங்கும்.

நம் நாட்டுக்கென்று வேறு பிரிப்பு இருக்கிறது: ஈரவலயம், இடைவலயம், உலர்வலயம், அதிலும் உயரத்தின்படி மலைநாடு, இடைநாடு, தாழ்நாடு. கொழும்பு ஈரவலயத் தாழ்நாடு. விவசாயத் திணைக்கள விதை வாங்கும்போது இதைச் சொல்லிக் கேட்டால் பொருந்தும் வகை கிடைக்கும், விலையும் குறைவு. வெண்டி, பயிற்றை, கத்தரிக்கு வெளிநாட்டுப் பைக்கற் எதற்கு? பேசில் (மேலைநாட்டுச் சமையல் துளசி), நஸ்டேர்ஷியம் பூச்செடி போன்றவற்றுக்கு வாங்கலாம்.

வாங்கும்போது பொதி செய்த திகதியைப் பாருங்கள். வெறும் கடதாசி உறையில், வெயில் படும் தட்டில் கிடந்ததை எடுக்காதீர்கள். கொழும்பின் ஈரக்காற்று விதையின் ஆயுளைச் சீக்கிரம் தின்றுவிடும். வீட்டில் 10 விதையை ஈரத் துணியில் வையுங்கள். 6க்குக் குறைவாக முளைத்தால் நெருக்கி விதையுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கலாம்.