ஜெட்புளூ விமானிகளுக்கு ஆல்பா பெற்றுத் தந்த முதல் ஒப்பந்தம்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனத்தில் தனித்தனி வேலை ஒப்பந்தங்களின் கீழ் பணியாற்றிவந்த விமானிகள், 2014 ஏப்ரலில் வாக்களித்து விமானிகளின் தொழிற்சங்கமான ஆல்பாவைத் (ALPA) தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். அச்சங்கத்தின் சேவையை எடைபோட, 2018இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டு ஒப்பந்தமே தக்க சான்று. ஊதிய உயர்வைவிட, பணிவிதிகளையும் வேலைப் பாதுகாப்பையும் நிர்வாகம் தன்னிச்சையாக மாற்ற முடியாதபடி எழுத்தில் உறுதிசெய்ததையே நான் பெரிதும் மதிக்கிறேன். களைப்புற்ற விமானி அச்சமின்றி ஓய்வு கேட்பது பயணிகளுக்கும் பாதுகாப்பல்லவா? நான்கு ஆண்டுக் காத்திருப்பு மிக நீண்டதுதான். ஆயினும், விமானத் துறைக்கும் பொருந்தும் அமெரிக்க ரயில்வே தொழிலாளர் சட்டம், பேச்சுவார்த்தைக்கு நடுவராக இருக்கும் அரசின் சமரச வாரியம் அதிலிருந்து சங்கத்தையும் நிர்வாகத்தையும் விடுவித்து 30 நாட்கள் கழியும்வரை வேலைநிறுத்தத்துக்கு இடமளிப்பதில்லை என்பதால், தாமதத்தின் பழியைச் சங்கத்தின்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இவ்வொப்பந்தத்தை ஏற்றனர்.