ஒன்பது ஆண்டு, ஒரு பேரேடு: வாசிப்புக்குக் கணக்கு எழுதிய அனுபவம்

திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆண்டுப் பிறப்புக்குக் கடைக்கென்று பேரேடு வாங்கப் போனபோது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கிக்கொண்டேன். அது 2016 ஜனவரி. நீள வடிவம், கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி, இருநூற்றுச் சொச்சம் பக்கம். படிக்கிற புத்தகங்களுக்கு ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம் என்பதுதான் எண்ணம். இப்போது அதில் ஏழெட்டுப் பக்கம் மிச்சமிருக்கிறது. ஒரு பொருளைக் குறை நிறை சொல்ல ஒன்பது ஆண்டுப் புழக்கம் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருளின் தரம். தாள் நன்றாக இருக்கிறது, பின்பக்கம் மை ஊறுவதில்லை. தையல் கட்டு என்பதால் விரித்துவைத்தால் படிந்து கிடக்கும். பஸ்ஸுக்கு ஆகாது. வண்ணாரப்பேட்டையில் ஏறி, 1843-இல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றைக் கடந்து, ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்து டவுன் சேர்வதற்குள் முப்பது பக்கம் படித்துவிடலாம், ஆனால் இந்த நீளப் பேரேட்டை மடியில் விரித்தால் பக்கத்து இருக்கைக்காரர் என்னை வரி அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறார். ஆகவே பஸ்ஸில் துண்டுச்சீட்டு, இரவில் வீட்டில் பதிவு. கடைக் கணக்கும் அப்படித்தான், பகலில் சிட்டை, இரவில் பேரேடு.

நடுவே மகன் சொன்னான் என்று கைப்பேசிச் செயலி ஒன்றையும் நான்கு மாதம் முயன்றேன். தமிழ்ப் புத்தகத்தின் பெயரைத் தட்டினால் பாதிக்கு மேல் அதற்கு அகப்படவில்லை. அகப்பட்டவற்றிலும் ஆசிரியர் பெயர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று ஆளாக நின்றது. பேரேட்டுக்கே திரும்பிவிட்டேன்.

பத்திகள் ஐந்து போட்டிருந்தேன். தேதி, புத்தகம், ஆசிரியர், எங்கிருந்து வந்தது (சொந்தம், நூலகம், கைமாற்று), ஆசிரியர் எந்தப் பக்கத்தவர். கடைசிப் பத்தி ஒரு வீம்பில் போட்டது. நான் எல்லாம் படிக்கிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது, அதைக் கணக்கில் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். முதல் டிசம்பரில் ஐந்தொகை (ஆண்டு முடிவுக் கணக்கு) எடுத்தபோது 43 புத்தகம் வந்திருந்தது. அதில் முப்பதுக்கும் மேல் நெல்லைக்காரர்கள் எழுதியவை. ஊர்ப்பற்று என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அவர்களிலும் பெரும்பாலோர் நெல்லையப்பர் கோயிலின் நான்கு ரத வீதியிலிருந்து கூப்பிடு தூரத்துக்காரர்கள். பெண்கள் எழுதியவை இரண்டே இரண்டு. ஒரே சரக்கை ஆண்டு முழுவதும் கொள்முதல் செய்துவிட்டுப் பலசரக்குக் கடை என்று பலகை மாட்டியிருந்திருக்கிறேன்.

இந்தப் பேரேட்டால் வந்த முதல் பயன் என்று அதைத்தான் சொல்வேன். நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும், எழுதிவைத்த எண்ணுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

இரண்டாம் ஆண்டிலிருந்து ஊரை விட்டு வெளியே போகாமலே வெளியே போனேன். வடக்கே கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல். வீட்டில் தெலுங்கு பேசிய கி. ராஜநாராயணன் அந்தக் கரிசல் மண்ணின் பேச்சைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்தார். அதே ஊர்க்காரர் கு. அழகிரிசாமி. அந்தச் சின்ன கிராமத்துக்கு இரண்டு சாகித்ய அகாதமி விருது, 1970-இல் ஒன்று, 1991-இல் ஒன்று. அந்த வட்டாரத்திலேயே பூமணியும் சோ. தர்மனும் அதே கரிசலை வேறு தெருவிலிருந்து, வேறு வயிற்றோடு பார்த்து எழுதினார்கள். இடைசெவலை மட்டும் படித்துவிட்டுக் கரிசலைத் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு அங்கேதான், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் அங்கேதான். முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் அங்கே இருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்து பேரேட்டில் எழுத இடம் தேடினேன். புத்தகம் இல்லையே, எந்தப் பத்தியில் எழுதுவது?

(தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் திருநெல்வேலியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டன. என் கணக்கில் பிரியவில்லை. பாகப்பிரிவினைக்குப் பிறகும் பெரிய வீட்டை எல்லாரும் நம்ம வீடு என்றுதானே சொல்கிறோம்.)

கிழக்கே கடற்கரை. திருநெல்வேலியில் பிறந்த வண்ணநிலவன் மணப்பாட்டைக் களமாக வைத்து எழுதிய 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தது. உவரிக்காரர் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். கடலைக் கரையில் நின்று அன்போடு பார்க்கிறது ஒன்று. மற்றது கட்டுமரத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடல் பாடுகளுக்குள் விட்டுவிடுகிறது. எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ஒன்றை மட்டும் படித்தவனிடம் கடல் பாதிதான் இருக்கிறது என்று சொல்வேன். உப்பளத்துக்கு என்னை அழைத்துப் போனது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. முசிறியில் பிறந்தவர் தூத்துக்குடிக்கு வந்து, அளத்துத் தொழிலாளர்களோடு பழகி எழுதியது. எங்கள் கடையில் கல் உப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அந்த நாவலைப் படிக்கும்வரை அது எனக்கு எடையும் விலையும் மட்டுமே.

இனி பேரேட்டின் பெரிய குறைக்கு வருகிறேன். உண்மையில் அது பேரேட்டின் குறை அல்ல, பத்தி போட்டவனின் குறை.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு நண்பர் எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். அச்சுத் தொழில், நல்ல வாசகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தோப்பில் முஹம்மது மீரானின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தார். 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்ய அகாதமி வாங்கியவர். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து திருநெல்வேலியில் குடியிருந்து, வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். ஒருவகையில் எங்கள் சந்தைக்காரர். கடைசிப் பத்தியில் அவர் பெயருக்கு நேரே 'முஸ்லிம் எழுத்தாளர்' என்று எழுதியிருந்தேன்.

"அண்ணாச்சி, இவருக்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள். மேலே புதுமைப்பித்தனுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லையே?"

"அவர் நம்ம வண்ணாரப்பேட்டைக்காரர்தானே பாய், அவருக்கு என்ன எழுத?"

"அதைத்தான் கேட்கிறேன்."

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, புதுமைப்பித்தன் கதைகளின் முழுத் தொகுதியைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று இரவு பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். பூமணிக்கு நேரே ஒரு சொல் எழுதியிருந்தது. பாமாவுக்கு நேரே இரண்டு சொல். ராஜம் கிருஷ்ணனுக்கு நேரே 'பெண்'. வண்ணதாசனுக்கு நேரே வெறுமை. வண்ணநிலவனுக்கும் வெறுமை. வெறுமையாக விட்ட இடமெல்லாம் 'நம்மவர்', எழுதிய இடமெல்லாம் 'மற்றவர்'. நான் எழுதாத எழுத்துத்தான் அந்தப் பேரேட்டில் பெரிய எழுத்தாக இருந்திருக்கிறது. முப்பது ஆண்டு கணக்கு எழுதியவனுக்கு, எழுதப்படாத பதிவு எவ்வளவு பெரிய தவறு என்று இன்னொருவர் வந்து காட்ட வேண்டியிருந்தது.

இதை எப்படித் திருத்துவது என்று சில வாரம் குழம்பினேன். எல்லார் பெயருக்கு நேரேயும் சாதி மதம் எழுதி நிரப்பலாம், கணக்கு நேராகும், ஆனால் அப்படி ஒரு பேரேட்டை வீட்டில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. ஒரேயடியாகப் பத்தியை அடித்துவிட்டால் பழைய குருட்டுத்தனத்துக்கே போய்விடுவேன், மறுபடியும் நான்கு ரத வீதி. கடைசியில் தலைப்பை மாற்றினேன். 'எந்தப் பக்கத்தவர்' என்பதை அடித்துவிட்டு 'வந்த சொல்' என்று போட்டேன். ஒரு புத்தகம் எனக்குத் தெரியாத ஒரு சொல்லையாவது, தெரிந்த சொல்லுக்குத் தெரியாத ஒரு பொருளையாவது கொண்டுவந்ததா? வந்தால் எழுது, வராவிட்டால் கோடு போடு.

இது நன்றாக வேலை செய்கிறது. கரிசலிலிருந்து 'சம்சாரி' வந்தது. எங்கள் பக்கம் அது குடும்பஸ்தன், அங்கே நிலத்தில் பாடுபடுகிறவன். கடலிலிருந்து 'கச்சான்' வந்தது, மேற்கிலிருந்து வீசும் காற்று. உப்பளத்திலிருந்து 'அளம்' வந்தது, அதை உப்போடு ஒட்டித்தான் கேட்டிருந்தேனே தவிரத் தனியாக நிற்கும் என்று தெரியாது. 1894-இல் வந்த எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' ஒரே புத்தகத்தில் பக்கத்தை நிரப்பியது. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையைக் கம்பனின் வழியில் காப்பியமாகப் பாடியவர் கரையிருப்புக்காரர். கோடு போட்ட வரிகள் எவருடையவை என்று பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எனக்குப் பிடித்தவை, மனத்துக்கு இதமானவை, என் தெருவின் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்பவை. அவற்றை விடப்போவதில்லை. இட்லியும் கோடு போட வேண்டிய பண்டம்தான், தினமும் சாப்பிடவில்லையா?

வீட்டம்மாவின் ஆட்சேபம் வேறு. "நீங்கள் எழுதுவது வீட்டில் படிக்கிற புத்தகக் கணக்கா, நீங்கள் படிக்கிற புத்தகக் கணக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். வாடகை நூலகத்திலிருந்து அவள் வாரத்துக்கு மூன்று குடும்ப நாவல் எடுத்து வருவாள், நான் ஒன்று முடிப்பதற்குள் அவள் ஐந்து முடிப்பாள். அதை நான் வாசிப்பு என்றே எண்ணியதில்லை. ஒரு மாதம் அவள் படித்ததையும் பதிந்தேன். என் கணக்கில் அபூர்வமாயிருந்த பெண் பெயர்கள் அவள் கணக்கில் வரிசையாக நின்றன. இரண்டு நாவல்களை எடுத்துப் படித்தேன். ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. மற்றதில், மாமியார் வீட்டுச் சமையலறையில் எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு நடக்கும் சண்டை ஒன்று வந்தது. அப்படி ஒன்றை நான் மதிக்கும் பெரிய எழுத்தாளர்கள் எவரும் எனக்குக் காட்டவில்லை.

அம்மாவின் வழக்கு இன்னும் சிக்கல். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி, எழுத்து தெரியாது. ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் வந்த குடும்பம், கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டே வளர்ந்தவள். முத்துப்பட்டன் கதையை இன்றைக்கும் இரண்டு மணி நேரம் சொல்லுவாள். பிராமணனான பட்டன் சக்கிலியர் வீட்டுப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து, ஆநிரை மீட்கப் போய்ச் சாகிற கதை. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த புத்தகத்தை எடுத்துவந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை என்ற அந்தச் சக்கிலியர் எடுத்து வளர்த்தான் என்று கதையில் ஒரு பகுதி வருகிறது. அது பின்னால் செருகியது என்பது வானமாமலையின் வாதம். அம்மா அந்த இடத்தில் கையமர்த்தினாள். "இது யார் சொன்ன கதை? அவர்கள் பகடை பெற்ற மக்கள்தான்" என்றாள். ஆராய்ச்சி செய்தவர் சொன்னதையே ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டிராதவளும் சொன்னாள். பேரேட்டின் பின்புறத்தைத் திருப்பி 'கேட்டவை' என்று அன்று ஒரு பகுதி தொடங்கினேன். இதுவரை பதினொரு பதிவு.

பராமரிப்பு பற்றி ஒரு முக்கியக் குறிப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறி எங்கள் தெருவுக்குள் வந்தது. அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் முழுகின, ஏறக்குறைய நூற்றிருபது புத்தகம். பேரேடு மேசைமேல் இருந்தும் தப்பவில்லை, மேசையே சாய்ந்துவிட்டது. மொட்டை மாடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. மைப்பேனாவால் எழுதியது நீலக் குளமாகிவிட்டது. முதல் ஆண்டு முழுவதும் நான் மைப்பேனா. ஆக, நான்கு ரத வீதிக்குள் சுற்றிவந்ததற்கான அத்தாட்சி ஆற்றோடு போய்விட்டது. 43 என்ற எண்ணை நான் மறக்கவில்லை என்பதால் இங்கே எழுதினேன்.

பேரேட்டில் கடைசி நான்கு பக்கம் 'வராக்கடன்'. இரவல் போய்த் திரும்பாத புத்தகங்கள் அங்கே போகும். வெள்ளம் வடிந்த நான்காம் நாள் மேலப்பாளையம் நண்பர் வந்தார். சேறு அள்ள இரண்டு மணி நேரம் கைகொடுத்தார். பிறகு பையிலிருந்து புதுமைப்பித்தன் தொகுதியை எடுத்து நீட்டினார். ஈரம் படாமல், அட்டை போட்டு, என் கையெழுத்தோடு. கீழ்த்தட்டில் இருக்க வேண்டிய புத்தகம் அது.

"உங்கள் அலமாரியில் இருந்திருந்தால் போயிருக்கும், அண்ணாச்சி."

"அப்படியானால் அடுத்த மழைவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் பாய்" என்றேன்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வராக்கடன் பக்கத்தில் அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை.