எக்ஸ்ப்ளோரட்டோரியமா, அகாடமியா?

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திறங்கினால், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் தமிழ் வீடுகளில் இரண்டாவது சனிக்கிழமை இந்தப் பேச்சு வந்துவிடும். கோல்டன் கேட் பாலம் பார்த்தாயிற்று. பிள்ளைகளுக்கும் ஏதாவது வேண்டுமே. எக்ஸ்ப்ளோரட்டோரியம் போவதா, கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயன்சஸ் போவதா? இரண்டும் அறிவியல் அருங்காட்சியகங்கள். இரண்டுக்கும் டிக்கெட் கையைக் கடிக்கும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நாங்கள் அப்பா, அம்மா, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன் எல்லோரோடும் தனித்தனி நாளில் போய் வந்தோம்.

தொட்டு, திருகி, இழுத்துப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் எக்ஸ்ப்ளோரட்டோரியம்தான், யோசிக்கவே வேண்டாம். 1969இல் இதைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காகப் பல்கலைக்கழக வேலை பறிபோய், கொலராடோவில் மாடு வளர்த்து, அப்புறம் அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தவர். அந்தப் பள்ளி வாத்தியாரின் குணம் இன்னும் இடத்தை விட்டுப் போகவில்லை. 2013இல் கடலோரத்தில் 15ஆம் எண் துறைமேடைக்கு மாறிய பிறகும், காட்சிப்பொருள்களைச் செய்யும் பட்டறை எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்தே இருக்கிறது.

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளுக்கு முன்னால் நின்றால் சுவரில் நிழல்கள் வண்ண வண்ணமாக விழும். மகள் அங்கேயே இருபது நிமிடம் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெரிய குழியாடி. கையை நீட்டினால் எதிரில் தலைகீழாக ஒருவர் காற்றில் கை நீட்டுகிறார். கைகுலுக்கப் போனால் ஒன்றும் சிக்காது. "தாத்தா, அது நீங்கதான்" என்று பேத்தி சொன்ன பிறகும் அவர் மூன்று முறை முயன்றார்.

அம்மாவுக்கு வாய்த்தது வேறு. புத்தம்புது கழிப்பறைப் பீங்கானையே குடிநீர்க் குழாயாக்கி வைத்திருக்கிறார்கள். "நல்ல தண்ணிதான்னு தெரியுதுடா, வாய்தான் போக மாட்டேங்குது" என்றார். அந்தக் காட்சிப்பொருள் கேட்பதும் இதைத்தான்: அறிவு சரி என்கிறது, உடம்பு ஏன் மறுக்கிறது? மாட்டுக் கண்ணை அறுத்துக் காட்டும் நிகழ்ச்சியும் இங்கே உண்டு. சைவக் குடும்பங்கள் அந்த மேசையைச் சற்றுச் சுற்றிப் போகலாம்.

குறையும் உண்டு. சத்தம் அதிகம். விளக்கப் பலகைகள் 'செய்து பார்' என்று ஆரம்பிக்கும், அதனால் கூடவே குனிந்து நின்று பேச ஒரு பெரியவர் வேண்டும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்து ஃபோன் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குக் காசு வீண். எங்கள் மகன் ஒவ்வொரு பொத்தானையும் அடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடினான். அந்த வயதுக்கு அதுவே போதும் போலிருக்கிறது.

அகாடமியின் கதை வேறு. 1989 நிலநடுக்கத்தில் பழைய கட்டடம் அடிவாங்க, கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த புதியது 2008இல் திறந்தது. கூரை மேல் இரண்டரை ஏக்கருக்குச் செடிகொடிகள். மீன்காட்சியகம், கோளரங்கம், பென்குயின், மழைக்காடு எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். 90 அடி கண்ணாடிக் குமிழுக்குள் காடு. வளைந்து வளைந்து மேலே ஏறி, லிஃப்டில் இறங்கினால் அமேசான் மீன்கள் தலைக்கு மேல் நீந்துகின்றன. உள்ளே நல்ல புழுக்கம். அம்மா வந்ததிலிருந்து போட்டிருந்த ஸ்வெட்டரை முதன்முறையாகக் கழற்றினார். மகனை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடு.

பெரும்பாலும் கண்ணால் பார்க்கிற இடம்தான் இது. விதிவிலக்கு, நிலநடுக்கத்தை உணரவைக்கும் ஆடும் அறை. 1906, 1989 இரண்டும் எப்படி உலுக்கின என்று காலடியில் தெரியும். எனக்குப் பிடித்தது, பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்டும் ஃபூக்கோ ஊசல். அது ஆடும் திசை இந்த ஊரில் ஒரு முழுச் சுற்று வரச் சுமார் 39 மணி நேரம் ஆகும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெதுவாகும். இதையே மதுரையில் தொங்கவிட்டால் சுமார் 139 மணி. "நம்ம ஊர்ல எதுக்கும் அவசரமில்லை" என்றார் அப்பா.

முழங்கால் வலிக்காரரும் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையும் சேர்ந்து வந்தால் நான் அகாடமியைத்தான் சொல்வேன். பொம்மையைப் பிரித்துப்போடும் பிள்ளை இருந்தால் எக்ஸ்ப்ளோரட்டோரியம், அதுவும் கதவு திறக்கிற நேரத்திலேயே. வியாழன் இரவில் இரண்டிலும் பெரியவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சிகள் நடக்கும். அன்று மாலை குடும்பத்தோடு போய் நிற்காதீர்கள். எம்பார்க்கடேரோ பார்ட் (BART) ரயில் நிலையத்திலிருந்து எக்ஸ்ப்ளோரட்டோரியத்துக்கு நடந்தே போய்விடலாம். அகாடமி கோல்டன் கேட் பூங்காவுக்குள் இருப்பதால் பஸ்ஸோ காரோ வேண்டும்.

சாப்பாட்டில் அகாடமிக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். வாசலுக்கு எதிரே மர நிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. நாங்கள் புளியோதரை டப்பாவைத் திறந்தது அங்கேதான்.