ஹோமிலிருந்து ப்ரோ: ஆறு வருடத்தில் நான் கட்டிய காசு

2019 கடைசியில் கோலாலம்பூரில், புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் விண்டோஸ் 10 போட்ட கம்ப்யூட்டர் வாங்கினேன், பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் சின்னக் கணக்கு ஆபீசுக்காக. விண்டோஸில் ஹோம், ப்ரோ என்று இரண்டு பதிப்பு உண்டே, இது ஹோமா ப்ரோவா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, பேருதான் வேற" என்றான் கடைப் பையன், நம்ம பையன்தான். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்தது. அதற்கு முதல் நாள் சாயந்திரம், ரொம்ப விவரமாக, கம்ப்யூட்டரை அணைக்காமல், அது தானாகத் தூங்கிப்போகாதபடி செட்டிங்கையும் மாற்றிவிட்டுச் செந்தூல் வீட்டுக்குக் கிளம்பினேன். ரவுட்டரில் செய்ய வேண்டியதை அக்கா மகன் முன்பே செய்து கொடுத்திருந்தான், இனி வீட்டு லேப்டாப்பிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியில் உள்ளே போய்விடலாம் என்று தைரியம். ராத்திரி பார்த்தால் போக வழியே இல்லை. ஹோம் பதிப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குள் போகலாம், ஹோமுக்குள் யாரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வர முடியாது, அது ப்ரோவுக்கும் அதற்கு மேலே உள்ளதற்கும்தான். ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்காதது என் மடத்தனம். வாரக்கணக்கில் அது ஆளில்லாத ஆபீசில் கரண்டைத் தின்றுகொண்டு ஓடியது, நான் செந்தூலில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் வந்த ரசீதுகளை முதலிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக ப்ரோவுக்கு மாறினேன். அமெரிக்க விலை 99 டாலர், நம் கணக்கில் 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். காசைக் கட்டினேன், ஒரு ரீஸ்டார்ட். டிஸ்க் கிடையாது, மணிக்கணக்கில் டவுன்லோடு கிடையாது, மேசையில் வைத்த தே தாரிக் டீ ஆறுவதற்குள் ஹோம் ப்ரோவாகிவிட்டது. அப்போதுதான் உறைத்தது, வேண்டியதெல்லாம் முதல் நாளிலிருந்தே உள்ளேதான் இருந்திருக்கிறது. வீட்டை விலை பேசி வாங்கிவிட்டு, பின்னறைச் சாவிக்குத் தனியாகக் காசு கொடுத்த கதை.

அப்புறம் வீடியோ. பினாங்கில் இருக்கும் அக்கா மகள் தைப்பூசக் காவடியை ஐபோனில் எடுத்து டிரைவில் போட்டிருந்தாள். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன்கள் எச்இவிசி என்ற, வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில் எடுக்கின்றன. என் கம்ப்யூட்டரில் திறந்தால், அதை ஓட்டத் தேவையான கூடுதல் மென்பொருளை மைக்ரோசாப்ட் ஸ்டோரில் வாங்கு என்கிறது. 0.99 டாலர், இரண்டு தே தாரிக் காசு. இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை, ஏனென்றால் அந்த முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் என்று ஒன்று உண்டு, யாராவது ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் அதைக் கம்ப்யூட்டர் விலையோடு சேர்த்து வாங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது, காவடி பார்க்க உட்கார்ந்தவனிடமா கேட்பது? விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரைப் போட்டேன், காசில்லாமல் ஓடியது.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். ஒரு காலத்தில் மேக் ஓஎஸ் எக்ஸ் புதுப் பதிப்புக்கு 129 டாலர் வாங்கினார்கள், 2013-ல் மேவரிக்ஸ் வந்தபோதுதான் இலவசமானது. திரையில் இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைக்க விண்டோஸ் 7 காலத்திலிருந்தே வழி இருக்கிறது. மேக்கில் அது ஒழுங்காக வந்தது 2024-ல், அதுவரை பலர் தனியாக ஆப் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், தமிழில் தட்ட நாம் முரசு அஞ்சலைத் தேடிப்பிடித்துப் போட்ட காலம் போய், நம்ம ஊர் முத்து நெடுமாறனின் அஞ்சல் முறை மேக்கில் கூடவே வருகிறது. அடிப்படை என்றால் இப்படி இருக்கவேண்டும்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. இன்னும் ஒரு வருடப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு 30 டாலர், அல்லது செட்டிங்குகளை மைக்ரோசாப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் சும்மா. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன், அதுவும் ஒரு விலைதான் என்று தெரிந்தே. என் கம்ப்யூட்டரில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப், விண்டோஸ் 11 அதை ஏற்காது, ஆகவே புதுசு வாங்கித்தான் ஆகவேண்டும். இந்தத் தடவை காசை எடுப்பதற்கு முன்னால் கடையிலேயே மெஷினைப் போடச் சொல்லி, செட்டிங்ஸில் எடிஷன் என்ற வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுபேச்சு, பையன் முகம் சுளித்தாலும் சரி.